கிச்சிலிச் சம்பாவில் சிவப்பரிசி: பக்கத்து வயல் மகரந்தமா, களத்துக் கலப்பா?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் எங்கள் வயல். கிச்சிலிச் சம்பாதான் போடுகிறேன், விதையும் சொந்த விதை. மேற்கு வரப்பை ஒட்டி என் பெரியப்பா மகன் சிவப்பரிசி ரகமான மாப்பிள்ளைச் சம்பா போட்டிருந்தார். தை அறுவடை முடிந்து, தவிடு போகாமல் அரைத்துப் பார்த்தால் வெள்ளரிசிக்கு நடுவே அங்கங்கே சிவப்பரிசி கிடக்கிறது. வழக்கமாக வாங்குகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

"பக்கத்து வயல் பூந்தாது காற்றில் வந்து விழுந்துவிட்டது, இனி உன் விதை உருப்படாது" என்று ஊரில் சொல்கிறார்கள். இதனால் அண்ணனுக்கும் எனக்கும் கொஞ்சம் மனஸ்தாபம். அடுத்த பட்டத்துக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? வரப்பில் அகத்தி வரிசையாக நட்டால் தடுக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காவிரிமேடு எழுதியது:

தம்பி, காற்று மேற்கிலிருந்து அடித்திருந்தால் கலக்கத்தான் செய்யும். பூக்கும் நேரத்தில் வரப்பில் நின்று பாருங்கள், லேசாகத் தட்டினாலே கதிரிலிருந்து மாவு மாதிரி பறக்கும். அது எங்கேதான் போகும்? நாற்பது அடியாவது விட்டுப் போடுங்கள். அண்ணனிடம் பேசி அவரை வேறு பக்கம் போடச் சொல்வது இன்னும் நல்லது.

செல்வி_தாவரவியல் எழுதியது:

காவிரிமேடு ஐயா சொல்வது போல மாவு பறப்பது உண்மைதான். ஆனால் இந்தத் தை மாதம் கண்ட சிவப்புக்கு இந்தப் பட்டத்து மகரந்தம் காரணமாக இருக்கவே முடியாது. அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் என்று எழுதியிருக்கிறார், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அரிசியின் சிவப்பு எங்கே இருக்கிறது? தவிட்டில். நன்றாகத் தீட்டினால் மாப்பிள்ளைச் சம்பாவும் வெளுத்துவிடும். அந்தத் தவிட்டின் வெளித்தோல், பூவில் இருந்த சூற்பையின் சுவர். அது முழுக்க முழுக்கத் தாய்ச் செடியின் உடம்பு. மகரந்தம் கொண்டுவருவது கருவுக்கும், கருவைச் சுற்றியுள்ள மாவுப் பகுதிக்கும்தான் போய்ச் சேரும். சூற்பைச் சுவரில் அப்பாவுக்குப் பங்கே கிடையாது. உமியும் அப்படித்தான், அதுவும் தாயுடையது.

ஆகவே உங்கள் கிச்சிலிச் சம்பாப் பூவில் மாப்பிள்ளைச் சம்பாவின் மகரந்தம் விழுந்து மணி பிடித்திருந்தாலும், அந்த மணி இந்த அறுவடையில் வெள்ளையாகத்தான் இருக்கும். அதை விதைத்து, செடியாகி, அந்தச் செடியில் விளைகிற நெல்லில்தான் சிவப்பு வெளியே வரும். இன்று கையில் சிவப்பு மணி இருக்கிறது என்றால், அது விளைந்த செடியே சிவப்பரிசிச் செடி. அந்தச் செடி உங்கள் வயலுக்குள் எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

காவிரிமேடு எழுதியது:

அம்மா, மக்காச்சோளத்தில் வெள்ளையும் மஞ்சளும் பக்கம் பக்கமாகப் போட்டால் அதே பட்டத்தில், அதே கதிரில் இரண்டு நிறமும் கலந்து நிற்கிறதே. நான் கண்ணால் பார்த்தது. அது எப்படி?

செல்வி_தாவரவியல் எழுதியது:

நல்ல கேள்வி ஐயா. மக்காச்சோளத்தின் மஞ்சள் தோலில் இல்லை, உள்ளே மாவுப் பகுதியில் இருக்கிறது. மாவுப் பகுதி உருவாவதில் தாயின் பங்கு இரண்டு, அப்பாவின் பங்கு ஒன்று. அதனால் மஞ்சள் மகரந்தம் வெள்ளைச் சோளத்தின் கதிரில் விழுந்தால் அந்த மணி உடனே மஞ்சளாகிவிடும். நெல்லிலும் மாவுப் பகுதியைச் சேர்ந்த குணங்கள் அப்படி அதே பட்டத்தில் தெரியும். சோறு ஒட்டுவதும் ஒட்டாததும் மாவின் குணம் என்பதால், ஒட்டும் அரிசி ரகத்தில் சாதா ரகத்தின் மகரந்தம் சேர்ந்த மணியை அந்த அறுவடையிலேயே பிரித்துப் பார்க்கலாம். தவிட்டின் சிவப்பு மட்டும் ஒரு தலைமுறை தள்ளித்தான் வரும்.

நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் வேறொரு பெரிய வித்தியாசமும் உண்டு. மக்காச்சோளத்தில் ஆண் பூ உச்சியில், பெண் பூ இடுப்பில். நெல்லில் ஒவ்வொரு பூவும் தனக்குள்ளேயே ஆணும் பெண்ணுமாக, மூடிய உமிக்குள் இருக்கிறது.

கோவில்பட்டிக்காரன் எழுதியது:

அந்த மூடிய பூவைக் கொஞ்சம் பிரித்துக் காட்டுங்களேன் அக்கா. எங்கள் பக்கம் மானாவாரி, கம்புதான் அதிகம். நெற்பூவைக் கிட்டத்தில் பார்த்ததில்லை.

செல்வி_தாவரவியல் எழுதியது:

மாணவர்களுக்கு இதை வயலில் வைத்தே காட்டுவது வழக்கம். ஒரு கைக்கண்ணாடி, ஒரு ஊசி போதும். காலை எட்டரை மணிக்குள் வயலுக்குப் போய்விட வேண்டும்.

கண்ணாடி இலையின், அதாவது கதிரை ஒட்டிய கடைசி இலையின், உறையை விட்டுப் புதிதாக வெளியே வந்த கதிர் ஒன்றை எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பச்சை உமி வெளிச்சத்தில் கொஞ்சம் ஊடுருவித் தெரியும். சில பூக்களில் மகரந்தப்பைகள் அடியில் குந்தியிருக்கும். அவை பூக்க நாளாகும். சிலவற்றில் அவை பாதி உயரத்துக்கு மேல் ஏறி நிற்கும். அவைதான் இன்றோ நாளையோ திறக்கப் போகிறவை. ஒட்டுக் கட்டுகிறவர்கள் எந்தப் பூவைத் தொடலாம் என்று முடிவு செய்வது இதை வைத்துத்தான்.

ஒன்றை ஊசியால் பிரியுங்கள். அடியில் இரண்டு சிறிய செதில்கள் தெரியும். அவற்றுக்கு மேலே இரண்டு உமிகள். பெரியது ஐந்து நரம்பு ஓடியது, மீசையுள்ள ரகங்களில் மீசை இதன் நுனியில்தான் இருக்கும். சிறியது மூன்று நரம்புள்ளது. இரண்டின் ஓரங்களும் ஒன்றோடொன்று கொக்கி போட்டது மாதிரி பொருந்தியிருக்கும். உள்ளே ஆறு மகரந்தப்பைகள், ஒவ்வொன்றுக்கும் மெல்லிய காம்பு. நடுவில் சூற்பை, அதன் தலையில் இறகு போல விரிந்த இரண்டு சூல்முடிகள்.

சூற்பையின் அடியில், பெரிய உமியை ஒட்டி, நீர் கோத்த மாதிரி இரண்டு சிறு முண்டுகள் இருக்கும். லாடிக்யூல் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருப்பார்கள். நெல்லுக்கு இதழ் இல்லை, வாசனை இல்லை, தேன் இல்லை. இதழ் இருக்க வேண்டிய இடத்தில் இந்த இரண்டும்தான் இருக்கின்றன. எனக்கு இந்தப் பூவிலேயே மிகவும் பிடித்தது இவைதான். பூக்கும் நேரம் வந்ததும் இவை தண்ணீரை உறிஞ்சி உப்பிப் பெரிய உமியை வெளியே நெட்டித் தள்ளுகின்றன. உமி திறப்பது இப்படித்தான். அதே சமயம் மகரந்தக் காம்புகள் கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில் நீளும். அசையாமல் பிடித்துப் பார்த்தால் பைகள் மேலே எழும்புவதையே பார்க்கலாம். திறக்கிற அந்த நேரத்திலேயோ அதற்குச் சற்று முன்னரோ பைகள் வெடித்து, மகரந்தத்தின் ஒரு பகுதி நேரே கீழே உள்ள சொந்தச் சூல்முடியில் கொட்டிவிடும். மீதிதான் காற்றில் போகிற மாவு.

காவிரிமேடு ஐயா, நீங்கள் பார்த்த மாவு வேலை முடிந்த பிறகு வெளியே போகிற மிச்சம். நெல் மகரந்தம் காற்றில் சில நிமிடங்கள்தான் உயிரோடு இருக்கும். வேறொரு பூவைத் தேடிப் போய்ச் சேர்ந்தாலும் அங்கே ஏற்கெனவே சொந்த மகரந்தம் விழுந்து முளைக்கத் தொடங்கியிருக்கும். அதனால்தான் நம் சாகுபடி ரகங்களில் அயல் மகரந்தச் சேர்க்கை பொதுவாக நூற்றுக்கு ஒன்றுகூட வருவதில்லை.

பூ திறந்திருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். பிறகு முண்டுகள் வற்றி உமி மூடிக்கொள்ளும், வாடிய பைகள் வெளியே தொங்கும். நம் ஊரில் "கதிர் பூத்திருக்கிறது" என்று காட்டுகிற அந்த வெள்ளை, உண்மையில் காரியம் முடிந்த பூ.

கோவில்பட்டிக்காரன் எழுதியது:

அருமை அக்கா. கம்பு இதற்கு நேர் எதிர். கதிர் வெளிவந்த இரண்டு மூன்று நாளில் சூல்முடிகள் முதலில் நீட்டும், கதிர் முழுக்கப் பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கும். அவை வாடத் தொடங்கிய பிறகுதான் மகரந்தப்பைகள் வரும். அதனால் அதே கதிரின் மகரந்தம் அதே பூவுக்குப் பெரும்பாலும் உதவாது, வேறு கதிரிலிருந்து வந்தாக வேண்டும். கம்பில் விதை எடுப்பதென்றால் சான்று விதைக்கு 200 மீட்டர், ஆதார விதைக்கு 400 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்று விதைச்சான்று விதி. நெல்லுக்கு எவ்வளவு?

கயிறு_இழுப்பவன் எழுதியது:

நெல் ரகங்களுக்கு 3 மீட்டர்தான். வயலுக்கு வயல் நடுவே அவ்வளவு விட்டால் போதும் என்பது விதி. இந்த ஒரு எண்ணிலேயே வெண்ணாற்றங்கரை அண்ணனுக்குப் பதில் இருக்கிறது.

நான் வீரிய ஒட்டு நெல் விதை உற்பத்தியில் வேலை செய்கிறவன். நெற்பூ எவ்வளவு மூடியது என்பது எங்களுக்குத்தான் தெரியும், ஏனென்றால் அதைத் திறக்க வைப்பதே எங்கள் பிழைப்பு. ஒட்டு விதைக்குத் தாய் வரிசையில் ஆண்மலட்டுச் செடி இருக்கும், மகரந்தப்பை சூம்பிப் போயிருக்கும். பக்கத்து ஆண் வரிசையிலிருந்துதான் மகரந்தம் வர வேண்டும். சீனாவில் யுவான் லாங்பிங் 1964இல் இந்த வேலையைத் தொடங்கினார். 1970இல் ஹைனான் தீவில் காட்டு நெல்லில் ஓர் ஆண்மலட்டுச் செடி கிடைத்த பிறகுதான் வழி பிறந்தது, 1976இல் விவசாயிகள் வயலுக்கு வந்தது. நம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் முதல் ஒட்டு நெல், எம்.ஜி.ஆர். பெயரில் வந்த கோ.ஆர்.எச். 1, 1994இல்.

அந்தப் பூவைச் சேர்க்கை செய்ய நாங்கள் படுகிற பாட்டைக் கேளுங்கள். தாயும் தந்தையும் ஒரே நாளில் பூக்க வேண்டும், அதற்காகத் தந்தை விதையை நாள் தள்ளித் தள்ளி விதைப்போம். மலட்டுச் செடியின் கதிர் உறையை விட்டு முழுதாக வெளியே வராது, ஜிப்ரெல்லிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளித்து இழுக்க வேண்டும். மகரந்தம் தடையில்லாமல் போகக் கண்ணாடி இலையை வெட்டிவிடுவோம். பூக்கிற நாளெல்லாம் காலையில் பனி காய்ந்த பிறகு, இரண்டு பேர் ஆளுக்கொரு வரப்பில் நின்று நைலான் கயிற்றை ஆண் வரிசைக் கதிர்கள் மேல் இழுத்துக்கொண்டே ஓட வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை, மகரந்தம் தீரும்வரை. இத்தனைக்குப் பிறகும் தாய் வரிசையில் நிறையப் பூ பதராகப் போகும். இரண்டு அடி தள்ளி நிற்கிற ஆண் வரிசை, எதிரில் போட்டியே இல்லாத பெண் பூ, அதிலேயே இந்தக் கதை. அப்படியிருக்க, வரப்பு தாண்டி வந்து, சொந்த மகரந்தம் நிறைந்த பூவில் உங்கள் அண்ணனின் மாப்பிள்ளைச் சம்பா புகுந்து வயல் முழுக்கக் கலந்துவிட்டது என்றால் நம்ப முடியவில்லை.

அத்தோடு மாப்பிள்ளைச் சம்பா நூற்றைம்பது நாளைத் தாண்டுகிற ரகம், கிச்சிலி அதற்கு முன்னரே அறுவடைக்கு வந்துவிடும். பூப்பதும் அதே மாதிரி முன்பின்னாகத்தான் இருந்திருக்கும்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

ஆமாம், நான் அறுத்தபோது அண்ணன் வயல் இன்னும் பச்சை வாடாமல் நின்றது. அப்படியானால் சிவப்பு எங்கிருந்து வந்தது?

கயிறு_இழுப்பவன் எழுதியது:

முதலில் ரைஸ் மில்லைக் கேளுங்கள். உங்களுக்கு முன்னால் யாராவது சிவப்பரிசி அரைத்தார்களா? அரைத்த அரிசியை வைத்து விதையைப் பற்றி முடிவுக்கு வராதீர்கள். மூட்டையில் இருக்கிற நெல்லைக் கையால் உரித்துப் பாருங்கள்.

நெல்லிலேயே இருந்தால் அடுத்து அறுவடை இயந்திரம். ஒரு வயலை முடித்து அடுத்த வயலுக்குள் இறங்கும்போது உள்ளே தேங்கியிருக்கிற நெல் முதல் மூட்டைகளில் வந்து விழும். விதைக்கு வேண்டிய பகுதியைக் கையால் அறுப்பது, முடியாவிட்டால் முதலில் வருகிற நெல்லைச் சாப்பாட்டுக்கு ஒதுக்குவது நல்லது. பிறகு களம், சாக்கு, நாற்றங்கால். போன பட்டத்தில் உதிர்ந்த நெல் தானாக முளைத்து நாற்றோடு நாற்றாகப் போவது டெல்டாவில் ரொம்ப சகஜம்.

மட்டக்களப்பு_வயல் எழுதியது:

எங்கட பக்கம் இதைவிடப் பெரிய தலையிடி களைநெல். பார்க்க நெல் மாதிரியே வளர்ந்து, முற்றினதும் தானாக உதிர்ந்து, அடுத்த போகத்தில் முளைக்கும். கனதில் அரிசி சிவப்பு. அதுவும் நெல்லினம்தான் எண்டதால், எவ்வளவு அரிதாக ஒட்டினாலும் வருசக்கணக்கில் ஒரே வயலில் நிற்கும்போது கலப்பு ஏறிக்கொண்டே போகுது. கிட்ட முளைச்சதைக் கதிர் தள்ள முன்னமே பிடுங்குங்கோ. விதைப்பு வயலில் அடையாளம் பிடிக்கிறது கஷ்டம், நாற்று நட்ட வயலில் வரிசை தப்பி நிக்கிறதைக் கண்டுபிடிக்கலாம்.

அரிசிக்கடைக்காரி எழுதியது:

இடையில் ஒரு கேள்வி, மன்னியுங்கள். அப்பாவின் வயல் மயிலாடுதுறை பக்கம். கார்த்திகையில் பூக்கிற நேரம் விடாமல் மழை பெய்தது, கதிரில் பாதி பதர். மழையால்தானா? மருந்தும் அடித்தோம், அது காரணமா?

செல்வி_தாவரவியல் எழுதியது:

இரண்டுமே காரணமாக இருக்கலாம். மேகமூட்டமான நாளில் பூ திறப்பது தள்ளிப்போகும், சில பூக்கள் திறக்காமலே உள்ளுக்குள் சேர்க்கையை முடித்துக்கொள்ளும். ஆனால் திறந்திருக்கிற நேரத்தில் மழை அடித்தால் மகரந்தம் நனைந்து வெடித்துவிடும், சூல்முடியில் விழுந்ததும் கழுவிப் போகும். ஒரு கதிர் பூத்து முடிக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். நுனியில் தொடங்கி அடிக்கு இறங்கும். அதனால் எந்தப் பகுதி பதர் என்று பாருங்கள். நுனி நிறைந்து நடுவில் மட்டும் பதர் என்றால் நடுவில் சில நாள் மழையிலோ மருந்திலோ மாட்டியிருக்கிறது.

மருந்து அடிக்கிற நேரமும் முக்கியம். காலை ஒன்பதிலிருந்து பகல் ஒரு மணிவரை பூக்கிற வயலில் எதையும் தெளிக்காதீர்கள். பிற்பகல் மூன்றரைக்கு மேல் அடிக்கலாம். நெற்பழ நோய்க்கென்றால் கதிர் வந்த பிறகு மட்டும் ஓடிப் பிரயோசனமில்லை, கதிர் உறைக்குள் இருக்கிற தொண்டைக்கதிர்ப் பருவத்திலேயே முதல் மருந்து போயிருக்க வேண்டும்.

கோடை நெல் போடுகிறவர்களுக்கும் ஒன்று. பூ திறக்கிற நேரத்தில் வெயில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தப்பை சரியாக வெடிக்காது. புழுக்கம் சேர்ந்தால் இன்னும் மோசம், கதிரால் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது. அந்த வாரத்தில் வயலில் தண்ணீர் காயவே கூடாது. விடியற்காலையிலேயே பூக்கிற குணத்தைக் காட்டு நெல்லிலிருந்து சாகுபடி ரகத்துக்குக் கொண்டுவரும் ஆராய்ச்சி இதற்காகத்தான் நடக்கிறது.

காவிரிமேடு எழுதியது:

பதரை உரித்து அதில் பழுப்புப் புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள் அம்மா. இருந்தால் கதிர் நாவாய்ப்பூச்சி பால் உறிஞ்சியது. அது பூ பழுதானதால் வந்த பதர் இல்லை.

செல்வி அம்மா சொன்ன தவிட்டு விஷயம் எனக்குப் புதிது, நன்றாகப் புரிந்தது. ஆனால் முந்தின பட்டத்தில் கலந்திருந்தால் இந்தப் பட்டத்தில் சிவப்பு வரலாம்தானே? அதை எப்படி ஒதுக்குகிறீர்கள்?

செல்வி_தாவரவியல் எழுதியது:

ஒதுக்கவில்லை ஐயா, வரலாம். அரிது, அவ்வளவுதான். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. சிவப்பு மணி கொண்ட கதிர் கிடைத்தால் அதைத் தனியாக எடுத்து, ஆவணியில் ஒரு மூலையில் தனிப் பாத்தியில் நட வேண்டும். செடிகள் எல்லாம் ஒரே உயரம், ஒரே நாளில் கதிர், எல்லாம் மாப்பிள்ளைச் சம்பா சாடை என்றால் அது களத்திலோ நாற்றங்காலிலோ வந்து சேர்ந்த கலவன். உயரம் ஒன்று, நாள் ஒன்று என்று பிரிந்து நின்று, நாலில் ஒரு பங்கு செடியில் வெள்ளரிசியும் வந்தால், அது ஒட்டுக் கலப்பு.

அப்படி வந்தாலும் உடனே குப்பையில் போட வேண்டாம். கோவையில் 1912இல் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய சில ஆண்டுகளில், கோணமணி என்ற ரகத்தின் வயலில் வித்தியாசமாக நின்ற செடியைத் தேர்ந்தெடுத்துத்தான் ஜி.ஈ.பி. 24 என்ற ரகம் வந்தது. பிறகு எத்தனையோ ரகங்களுக்கு அது பெற்றோர் ஆனது.

கயிறு_இழுப்பவன் எழுதியது:

விதைக்குச் சுலபமான சோதனை ஒன்று, செல்வி அக்கா சொன்னதிலிருந்தே வருகிறது. தவிட்டு நிறம் தாயுடையது என்றால், ஒரு செடியின் எல்லா மணிக்கும் ஒரே நிறம். அதனால் விதைக்கென்று எடுக்கிற கதிர் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மணியை உரித்தால் போதும். வெள்ளை என்றால் அந்தக் கதிர் முழுக்க வெள்ளை. சிவப்பு என்றால் கதிரோடு தூக்கிப் போடலாம். சிவப்பு ஓங்கும் குணம், கலப்புச் செடியில் ஒளிந்துகொள்ளாது. கொஞ்சம் கதிர் தேர்ந்து, ஒரு பாத்தி நாற்று விட்டால் அதற்கடுத்த பட்டத்துக்குச் சுத்தமான விதை.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மில்லில் விசாரித்தேன், எனக்கு முன் அரைத்தது பொன்னி, சிவப்பரிசி இல்லை. நடுவயலிலிருந்து கையால் அறுத்துக் கட்டிவைத்த கதிர்க்கட்டு வீட்டில் இருந்தது. அம்மாவும் நானும் உட்கார்ந்து கதிருக்கு ஒரு மணி உரித்தோம். பெரும்பாலானவை வெள்ளை. சில கதிர்களில் சிவப்பு, அவை மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீளம், மணி தடிப்பு. அண்ணனையே கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்ததும் "இது என் நெல்தான், நாற்றங்கால் இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில்தானே விட்டோம்" என்றார். அவர் நாற்றுப் பறித்த பாத்தியில்தான் பிறகு நான் விதை தெளித்தேன்.

சிவப்புக் கதிர்களைத் தனியாக முடிந்து வைத்திருக்கிறேன், ஆவணியில் தனிப் பாத்தி போடுகிறேன். நாற்றங்காலை இனி வேறு வேறு இடத்தில் விடுவது என்று பேசியாகிவிட்டது. அகத்தி நடுவதாக இருந்தேன், அதை விடலாமா?

காவிரிமேடு எழுதியது:

மாட்டுக்குத் தழை வேண்டுமென்றால் நடுங்கள் தம்பி, மகரந்தத்துக்காக வேண்டாம். நாற்றங்கால் விடுவதற்கு முன் ஒரு தடவை தண்ணீர் கட்டி, உதிர்ந்த நெல்லை முளைக்க விட்டு, பிறகு உழுது மிதித்துவிடுங்கள். குத்துக்கு ஒரு நாற்று வைத்தால் பூக்கிற நேரத்தில் கலவன் தனியாகக் கண்ணுக்குத் தெரியும், வேரோடு பிடுங்கலாம்.